எல்சிராவின் காலை நோட்டு

இரண்டு வயதுக் குழந்தைக்கு நெற்றி இருப்பதே எங்காவது போய் முட்டிக்கொள்ளத்தான். கொலம்பியாவில், மெதெயின் நகரத்தின் கிழக்கு மலைச் சரிவில், இருநூற்றுப் பதினான்கு படி ஏறினால் வரும் பச்சைக் கதவு வீட்டில், எல்சிரா இருபத்துநான்கு வருடமாகப் பெற்றவர்களுக்கு இதைத்தான் சொல்லிவந்தாள். சத்துமாவும் குட்டி நாற்காலிகளும் அரசாங்கம் கொடுத்தவை. வீடு அவளுடையது. குழந்தைகள் தெருக்காரர்களுடையவை, மொத்தம் பதிமூன்று பேர். கீழே ஊருக்குள் தைக்கவும் துடைக்கவும் போகிற அம்மாக்கள் காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட்டால் மாலை நாலரைக்குத்தான் திரும்பி வருவார்கள். இந்த வேலையைச் செய்யும் பெண்களை ஊரம்மா என்பார்கள். அம்மாக்களுக்கு வரும் திட்டும் ஊராருக்கு வரும் திட்டும் சேர்ந்தே அவர்களுக்கு வரும்.

வீக்கத்தைப் பற்றித் தாயிடம் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. அவள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பார்த்த பிறகு சொன்னால் என்ன சொன்னாலும் சமாளிப்பதாகத்தான் தெரியும். "ரெண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டான், ஒரு மணி நேரம் தூங்கினான், பத்தரைக்கு மேசைக்கால்ல முட்டிக்கிட்டான், உடனே அழுதான், வாந்தி எடுக்கல, ஐஸ் வச்சேன், இப்ப வெளையாடறான்." இந்த வரிசையில், ஒரே மூச்சில், குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்ல வேண்டும். 'பயப்படாதே' என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது. அந்த வார்த்தையைக் கேட்டுப் பயப்படாத அம்மாவை எல்சிரா இதுவரை சந்தித்ததில்லை.

ஐஸ் என்றால் மாம்பழக் கூழை நீளமான பிளாஸ்டிக் பையில் கட்டி உறையவைத்த குச்சி. துணியில் சுற்றி ஐந்து நிமிடம் வீக்கத்தில் ஒற்றுவாள். பிறகு அதைப் பிள்ளையே தின்றுவிடலாம். "உங்க ஐஸுக்காகவே எம்புள்ளைங்க போயி செவுத்துல இடிச்சுக்குதுங்க" என்பாள் ஒதீலியா. அவள் இரட்டைப் பிள்ளைகளின் தாய், வாய் ஓயாதவள். சமையலில் உதவ மாதம் ஒரு தாயாக முறை வைத்து வருவார்கள். ஒதீலியாவின் முறை வந்துவிட்டால் எல்சிராவுக்கு வேறு வானொலி தேவைப்படாது.

கடித்த தடத்துக்கு வேறு முறை. யார் கடித்தது என்று உயிரே போனாலும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்று மாலையே படிக்கட்டில் இரண்டு தாய்மார் மயிரைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி ஒருமுறை தன் மகனின் தோளில் இருந்த பல் தடத்தை விரலால் அளந்துகொண்டு, மற்றப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எல்சிரா அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கோபம் வந்தால் அவள் வயதையும் பார்க்க மாட்டாள், ஆளையும் பார்க்க மாட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே காலை நோட்டு. குழந்தையை வாங்குவதற்கு முன்னால் வாசலிலேயே சட்டையைக் கழற்றுவாள். தலை, காதுக்குப் பின்புறம், கழுத்து, முதுகு, கை, தொடை என்று விரலால் தடவிப் பார்ப்பாள். கொசுக்கடியாக இருந்தாலும் எழுதுவாள். ஒன்றும் இல்லாவிட்டால் 'புதிதாக எதுவும் இல்லை' என்று எழுதுவாள். கீழே தாய் கையெழுத்துப் போட வேண்டும். குளிர் காலையில் பிள்ளை நடுங்கும், தாய்க்கு வண்டி போய்விடும், எல்சிரா அசைய மாட்டாள். "சுங்கக்காரி" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஊரம்மா, வீட்டிலிருந்து வந்த சூட்டுத் தழும்பைக் காலையில் கவனிக்காமல் விட்டு, தன் வீட்டையே மூட வேண்டி வந்ததை எல்சிரா பார்த்திருந்தாள். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், தனக்காகப் பார்த்தாள். அப்படித்தான் அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

யெசெனியா விஷயத்தில் மட்டும் அந்தக் கை தயங்கியது. யெசெனியா இந்த வீட்டிலேயே தவழ்ந்து வளர்ந்தவள், எல்சிரா தொடங்கிய வருடத்தில் சேர்ந்த முதல் ஆறு பிள்ளைகளில் ஒருத்தி. இப்போது இருபத்தைந்து வயது, சட்டை தைக்கும் பட்டறையில் வேலை. புருஷன் சிலி நாட்டுக்குப் பிழைக்கப் போனவன் போனவன்தான். மகள் சலோமேக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது எல்சிராவை ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். பெற்றவளுக்கும் ஞானத்தாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த உறவு சொந்தச் சகோதரியைவிட ஒரு படி மேல். கொமாத்ரேக்கள் சண்டை போட்டால் அது குழந்தையின் தலையில் விடியும் என்பது அந்தச் சரிவில் எல்லாரும் நம்புவது.

அப்படிப்பட்டவளின் பிள்ளையை வாசலில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, அடி பட்டிருக்கிறதா என்று தேடுவதா? உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. ஞானஸ்நானத்துக்குப் பிறகு சலோமேக்குத் தலையையும் கையையும் பார்ப்பதோடு எல்சிரா நிறுத்திக்கொண்டாள். பிறகு தலை மட்டும். பிறகு சும்மா முத்தம்.

அந்தத் திங்கட்கிழமை விடியும்போதே மழை. யெசெனியா கடைசியாக வந்தாள், தலையெல்லாம் நனைந்திருந்தது. சலோமே தடித்த கம்பளிச் சட்டைக்குள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்க கொமாத்ரே. ராத்திரி பூரா தூங்கல. இப்பதான் கண்ண மூடினா."

"காய்ச்சலா?"

"இல்ல, பல்லு வருது போல. எனக்கு நேரமாச்சு, மேஸ்திரி இன்னிக்குக் கதவச் சாத்திடுவான்."

"சாத்தட்டும், அவனுக்கும் நாந்தான் சத்துமாவு கரைச்சுக் குடுத்தேன்னு சொல்லு" என்றாள் எல்சிரா. யெசெனியா சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பவள். எல்சிரா அதைக் கவனித்தாள், கவனித்ததை மழையின் மேல் போட்டுவிட்டாள். குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு மற்றக் கையால் எழுதினாள்: புதிதாக எதுவும் இல்லை. யெசெனியா கையெழுத்துப் போட்டாள். பேனா ஈரக் கையில் வழுக்கியது.

பதினோரு மணிக்குச் சலோமே எழுந்தாள். மக்காச்சோள அரேப்பா ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தால் வலது கையால் மட்டும் வாங்கினாள். இடது கை தொட்டிலில் போட்ட துணிப் பொம்மையின் கைபோல் பக்கத்தில் கிடந்தது. அவளைத் தூக்கலாம் என்று எல்சிரா கையைத் தொட்டதும் குழந்தை வீறிட்டாள். அது மேசைக்காலில் முட்டிய அழுகை இல்லை. இருபத்துநான்கு வருடத்தில் நூறு விதமான அழுகை கேட்ட காது அது.

கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. கத்தரிக்கோல் எடுத்துத் தோளிலிருந்து வெட்டினாள். முன்கையில் நான்கு நீலத் தடங்கள் வரிசையாக இருந்தன. பின்னால் ஒன்று, கட்டைவிரல் அளவுக்கு.

அந்த மாதம் சமையல் முறை ஒதீலியாவுடையது. ஒதீலியா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள், முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு நேரே போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன எழுதியிருக்கீங்க காலைல?"

எல்சிரா குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒதீலியாவே படித்தாள்.

"அப்ப இது உங்க வீட்ல நடந்ததுன்னு ஆயிடும் அக்கா. தெரியுதா உங்களுக்கு? மூடிடுவாங்க. மத்த பன்னெண்டு புள்ளைங்க, எங்க ரெண்டும் சேத்து, எங்க போகும்?" அவள் விரலை வரியின் ஓரத்தில் வைத்தாள். "இங்க பாருங்க, எடம் இருக்கு. 'இடது கையில காயத்தோட வந்தா'ன்னு போடுங்க. அவ கையெழுத்துக் கீழதான இருக்கு. நடந்தது அதுதான? பொய்யா எழுதறீங்க?"

நடந்தது அதுதான். அதுதான் கொடுமை. எல்சிராவின் கை பேனாவரைக்கும் போனது. வெற்றிடம் இரண்டு விரல் அகலம் இருந்தது, சின்ன எழுத்தில் எழுதினால் தாராளமாகக் கொள்ளும். பார்க்காததைப் பார்த்ததாக ஏற்கனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது, இன்னொருமுறை எழுதுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது அவளுக்கு. நோட்டை மூடினாள்.

"சூப் அடி பிடிக்குது, போய்ப் பாரு" என்றாள். குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மழையில் வழுக்கும் படிகளில், கீழே இருக்கிற சுகாதார நிலையத்துக்கு இறங்கினாள். யெசெனியாவின் பட்டறைக்கு வழியிலேயே போன் செய்தாள். குழந்தைக்குக் கை அசையவில்லை, வா என்று மட்டும் சொன்னாள். மற்ற அம்மாக்களிடம் சொல்லும் வரிசையில் சொல்ல, இன்று அவளிடம் வரிசை இல்லை.

மருத்துவர் சின்னப் பையன் போல் இருந்தார். சலோமேயின் கையைப் பிடித்து ஒரு திருப்பு, ஒரு மடக்கு. உள்ளே ஏதோ சொடுக்கியது. குழந்தை அழுகையை நிறுத்தி, விரல்களை விரித்துப் பார்த்தது. முழங்கை மூட்டு நழுவியிருந்தது, வேகமாகக் கையைப் பிடித்து இழுத்தால் இப்படி ஆகும், சரியாகிவிட்டது என்றார். பிறகு நீலத் தடங்களைப் பார்த்தார். குரல் மாறியது.

"எப்ப நடந்தது?"

"தெரியாதுங்க."

"நீங்கதானே காலைலருந்து வச்சிருக்கீங்க?"

"நாந்தான்."

"காலைல பாக்கறப்ப இருந்ததா?"

எல்சிரா வாயைத் திறப்பதற்குள் கதவு தள்ளப்பட்டது. யெசெனியா, பட்டறை ஏப்ரனோடு, அதில் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்க, மூச்சு வாங்க நின்றாள். குழந்தையைப் பார்த்தாள், மருத்துவரைப் பார்த்தாள், தடங்கள் தெரிந்த கையைப் பார்த்தாள். எல்சிராவை மட்டும் பார்க்கவில்லை.

"காலைல நல்லாத்தான் இருந்தா" என்றாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். "நோட்டுல எழுதியிருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவங்களக் கேளுங்க."

எல்சிரா யெசெனியாவையே பார்த்தாள். இவளுக்கு நடை பழக்கியிருக்கிறாள். இவள் மூக்கைத் தன் சட்டை நுனியால் துடைத்திருக்கிறாள். மருத்துவர் ஏதோ காகிதத்தில் எழுதினார். சட்டப்படி நலத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், நாளைக் காலையில் வருவார்கள், நோட்டை எடுத்து வையுங்கள் என்றார். எல்சிரா தலையாட்டினாள்.

மழை விட்டிருந்தது. இருவரும் படி ஏறினார்கள், குழந்தை யெசெனியாவின் தோளில். நூறாவது படிக்குப் பக்கத்தில் படி அகன்று ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும். அங்கே யெசெனியா நின்றாள்.

"கொமாத்ரே."

எல்சிரா திரும்பவில்லை.

"நாந்தான்."

"தெரியும்."

"காலைல அஞ்சு மணிக்கு. ராத்திரி பூரா அழுதா, விடிஞ்சும் விடல. கதவத் தொறந்துகிட்டுப் படி ஓரத்துக்கு ஓடினா. புடிச்சு இழுத்தேன். விழுந்துடுவாளேன்னு பயத்துல இழுத்தேன்னு உங்ககிட்ட சொல்லலாம்னு பட்டறைல ஒக்காந்து யோசிச்சு வச்சேன். பயம் இல்ல கொமாத்ரே, கோவம். தூக்கி வீசிடலாம் போல இருந்துச்சு. அப்பறம் இவ அழுகைய நிறுத்திட்டு என்னையே பாத்தா."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்சிரா கேட்டாள்: "அந்தக் கம்பளிச் சட்ட, வேணும்னுதான் மாட்டுனியா?"

"ஆமா."

"நான் பாக்கக் கூடாதுன்னு."

"நீங்க கழட்ட மாட்டீங்கன்னு தெரியும். ஞானஸ்நானம் ஆனதுலருந்து நீங்க கழட்டறதில்ல."

எல்சிராவுக்கு யாரோ அறைந்தது போல் இருந்தது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

"உங்க வீட்ல நடந்துச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள் யெசெனியா. அவள் குரல் கெஞ்சக்கூட இல்லை, அந்த அளவுக்குக் களைத்திருந்தது. "நாற்காலிலருந்து விழப் போனா, புடிச்சீங்கன்னு. உங்களத் திட்டுவாங்க, அவ்வளவுதான். நான்னு தெரிஞ்சா இவள எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்களுக்குப் பதிமூணு. எனக்கு இது ஒண்ணுதான்."

"அந்தப் பதிமூணுல இவளும் ஒண்ணுடி" என்றாள் எல்சிரா. அவ்வளவுதான் சொன்னாள். மிச்ச நூற்றுச் சொச்சம் படியையும் அவள் முன்னால் ஏறினாள், மூட்டு வலிக்க வலிக்க, ஒருமுறைகூட நிற்காமல்.

மறுநாள் விடிந்ததும் கடுங்காப்பியை வைத்துக்கொண்டு அவள் சமையல் மேசையில் உட்கார்ந்தாள். காப்பி ஆறியது. யோசிக்க ஒன்றும் புதிதாக இல்லை. வெற்றிடத்தில் எழுதினால் வீடு பிழைக்கும், யெசெனியா தான் கொடுக்காத வாக்குமூலத்தில் சிக்குவாள். யெசெனியா கேட்டபடி சொன்னால் அவள் பிழைப்பாள், குழந்தை அதே கைக்குப் போகும், அடுத்த முறை யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டுக்கும் அவள் மனம் மாறி மாறிப் போய் வந்தது. கடைசியில் நோட்டைத் திறந்து, வெற்றிடத்தைத் தொடாமல், அதற்குக் கீழே புது வரியில் அன்றைய தேதியைப் போட்டு எழுதினாள்: 'நேற்றுக் காலை நான் இந்தக் குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதினேன்.' தானே கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் வந்த ஒதீலியா படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்க தலைல நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்களே அக்கா. இந்த நோட்ட எங்கிட்டக் குடுத்திருந்தா அடுப்புல போட்டிருப்பேன்."

"போட்டுட்டு?"

"போட்டுட்டு அழுதிருப்பேன்" என்றாள் ஒதீலியா, நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

நலத்துறை மேற்பார்வையாளர் பெர்னால் என்ற பெண்மணி ஒன்பது மணிக்குப் படி ஏறி வந்தார். பட்டம் வாங்கியவர்கள் எல்லாரையும் அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், ஊசி போடத் தெரியாவிட்டாலும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எல்சிராவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும், கத்தியிருக்கலாம்.

"யார் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தெரியும், டாக்டர். அவளே எங்கிட்ட சொன்னா. நீங்களும் அவளையே கேளுங்க, சொல்லுவா. மூணு வேளையும் சாப்பாடு குடுக்கறவதான். அடிக்கறவ இல்ல. தூக்கம் இல்லாதவ. அவளுக்கு யாராவது வேணும், அதையும் எழுதிக்கங்க."

டாக்டர் பெர்னால் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். கொசுக்கடி, நகக்கீறல், வீக்கம், புதிதாக எதுவும் இல்லை, புதிதாக எதுவும் இல்லை.

"ஒரு நாள் பாக்காம எழுதியிருக்கீங்க" என்றார் மெல்ல. "மத்த நாள்ல பாத்தீங்கன்னு நான் மேலே எப்படிச் சொல்றது?"

எல்சிரா அலமாரியில் இருந்த பழைய நோட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். இருபத்துநான்கு வருடத்துப் பதில் அந்த நோட்டுகள்தான். அவற்றைத்தான் டாக்டர் பெர்னால் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பதினேழு நாள் கழித்துக் கடிதம் வந்தது. பொய்யான பதிவுக்காக வீடு மூடப்பட்டது. குழந்தைகளை மூன்று வேறு வீடுகளுக்குப் பிரித்தார்கள். இரண்டு ஆட்கள் வந்து குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கீழே சுமந்துபோனார்கள். சத்துமாவு மூட்டையையும் பாயையும் கைகழுவும் தொட்டியையும் கொண்டுபோனார்கள். ஒதீலியாவின் இரட்டையரில் ஒருத்தன் தன் நாற்காலியை விடமாட்டேன் என்று படிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். கூடத்தின் சுவரில் பிஞ்சுக் கைகளின் அழுக்கு இடுப்பு உயரத்துக்கு ஒரு பட்டையாக ஓடியது. எல்சிரா அதைத் துடைக்கவில்லை. பகலில் வீட்டில் சத்தமே இல்லாததால் அவளுக்குத் தலை சுற்றியது.

யெசெனியாவிடமிருந்து குழந்தையை எடுக்கவில்லை. வாரம் இரண்டு முறை நலத்துறையிலிருந்து ஒரு பெண் வந்து பார்ப்பாள், சனிக்கிழமை தோறும் யெசெனியா ஏதோ வகுப்புக்குப் போக வேண்டும் என்றார்கள். கடிதம் வந்த வாரமே யெசெனியா, எல்சிரா ஞானஸ்நானத்துக்குப் போட்ட சின்னத் தங்கத் தோட்டை ஒரு தாளில் சுற்றிக் கொண்டுவந்து கதவில் வீசினாள். "காட்டிக் குடுத்தவளோட நகை எம்புள்ளைக்கு வேணாம்" என்று தெருவே கேட்கச் சொன்னாள். தெருவும் கேட்டது. ரொட்டிக் கடையில் பாதிப் பேர் எல்சிராவைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். மீதிப் பேர் பிள்ளையை இழுத்து அவளுக்கு எட்டாத பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

ஆனாலும் தினமும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து, முகம் கழுவி, கதவைத் திறந்து வைப்பாள். ஆறு மணிக்கு அம்மாக்கள் வேறு பக்கமாக இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்கும். ஆறேகாலுக்குக் கதவைச் சாத்துவாள். எதற்காக இதைச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. செத்துப்போனால்கூட யாரும் ஆறு மணிக்கு வந்து பார்க்கப் போவதில்லை என்று ஒருநாள் ஒதீலியாவிடம் சொன்னாள். ஒதீலியா வழக்கம்போல் வேடிக்கையாகப் பதில் சொல்லப் பார்த்து, முடியாமல் விட்டாள்.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கதவைத் திறந்தபோது வெளியே யெசெனியா நின்றிருந்தாள். கையில் சலோமே, விழித்துக்கொண்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு.

எல்சிரா கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பேச வேண்டியது அவள் இல்லை.

யெசெனியா குழந்தையை வாசல்படியில் நிறுத்தினாள். குனிந்து ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகு உள்சட்டை. காலைக் குளிரில் சலோமே தோளைக் குறுக்கிக்கொண்டாள். யெசெனியா அவளை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினாள், முதுகு, பக்கம், முன்புறம்.

"பாருங்க" என்றாள்.

"எங்கிட்ட நோட்டு இல்ல. இந்த வாசலுக்குள்ள எந்தப் புள்ளையும் வரக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"உள்ள விட வரல. இவள கீழத் தெருவுலதான் விடறேன். அவங்க சட்டையக் கழட்டறதில்ல, அப்படியே வாங்கிக்கறாங்க." அவள் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டாள். "எங்கம்மா என்னைய பெல்ட்டால அடிப்பா. ஞாபகம் இருக்கா உங்களுக்கு? நீங்க தினம் கழட்டிப் பாத்து எழுதுனீங்க. எங்கம்மா தினம் கையெழுத்துப் போட்டா. ஒரு மாசத்துல அடிக்கறத நிறுத்திட்டா. சாகற வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டேதான் இருந்தா, ஆனா அதுக்கப்பறம் என்னைத் தொடல."

எல்சிராவுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. அவள் எழுதிய ஆயிரம் வரிகளில் அதுவும் ஒன்று, தன் வீடு தப்புவதற்காக எழுதியது.

"நேத்து விடியகாலைல மறுபடியும் கோவம் வந்துச்சு" என்றாள் யெசெனியா. குழந்தையின் தலைக்கு மேலே, எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள். "கைய ஓங்கிட்டேன். அடிக்கல. இப்படியே எத்தன நாள் அடிக்காம இருப்பேன்னு எனக்குத் தெரியல. அந்தப் பொம்பள செவ்வா வெள்ளி வந்து வீட்டப் பாக்கறா, பாத்திரத்தப் பாக்கறா. தினம் காலைல யாராவது இவ முதுகப் பாப்பாங்கன்னு தெரிஞ்சா என் கை அடங்கும். நீங்க பாருங்க. எங்கிட்டப் பேச வேணாம். பாத்தாப் போதும்."

எல்சிரா படியில் உட்கார்ந்தாள், முழங்கால் சொடுக்கியது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள், முன்பெல்லாம் செய்வது போல. தலையைத் தடவினாள். காதுக்குப் பின்புறம். கழுத்து, முதுகு, ஒவ்வொரு விலாவாக. இடது முன்கையில் நான்கு இடத்திலும் தோல் சுத்தமாக இருந்தது, அவள் அங்கே மட்டும் இரண்டு முறை பார்த்தாள். தொடை. கால். வலது முட்டியில் ஒரு சிராய்ப்பு, பொருக்கு கட்டியிருந்தது.

"இது?"

"முந்தாநேத்து ஓடி விழுந்தா" என்று சொல்லி யெசெனியா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

எல்சிரா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மணல் உரசிய கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் போயிருந்தன.

"விழுந்ததுதான்" என்றாள்.

யெசெனியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சலோமே எல்சிராவின் தோளுக்கு மேலாகக் குளிர்ப்பெட்டி இருந்த பக்கம் எட்டிப் பார்த்து, "ஐஸ்" என்றாள். ஐஸ் இல்லை, ஐந்து வாரமாக அவள் செய்யவில்லை. எல்சிரா உள்சட்டையை எடுத்துக் குழந்தையின் தலை வழியாகப் போட்டாள், கைகளை ஒவ்வொன்றாக, இழுக்காமல், துணியைக் கைக்குக் கொண்டுவந்து நுழைத்தாள். ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினாள். எழுந்திருக்க அவளுக்குக் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஆறு மணிக்குக் கதவு தொறந்திருக்கும்" என்றாள். "நாளைக்கும் கொண்டா."